இரும்பும் தகரமும்

தண்ணீருக்கடியில் பிலோமி விரல் வைத்த இடம் மாவாக உதிர்ந்தது.

இரண்டு மிதவை ஊர்களைப் பிணைத்து நிற்கும் மூட்டு அது. ஆள் கைப் பருமனுள்ள போல்ட்டுகள் வரிசையாக முடுக்கப்பட்டிருந்தன. போல்ட்டுகளுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் விளக்கை அடித்தபோது புதுப் பாத்திரம் போல மின்னின. அவற்றைச் சுற்றியிருந்த அலுமினியத் தகடுதான் வெள்ளைச் சேறாகக் குழைந்து கிடந்தது. அவள் சற்று அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. அடுத்த போல்ட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் தகடே இல்லை. வெறும் வண்ணம்தான் தோல் மாதிரி மூடியிருந்தது.

மேலே வந்து முகமூடியைக் கழற்றினாள். அந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம், மிதவையின் அடித்தளத்தில், பள்ளிக்கூடம்.

கடல் தூத்துக்குடியின் பாதியை எடுத்துக்கொண்ட பிறகு கட்டப்பட்டவை அந்த இரண்டு ஊர்கள். வசதியுள்ளவர்கள் இரும்பில் ஒரு பெரிய மிதவையைக் கட்டிக்கொண்டு அதற்குப் புதுத்துறை என்று பேர் வைத்தார்கள். ஆஸ்பத்திரி, மின்நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாம் அதில் இருந்தன. கரை இழந்த மீனவர்களுக்கு அரசாங்கம் அலுமினியத்தில் ஒரு மிதவை செய்து கொடுத்தது. அதற்கு நீளமாக ஏதோ ஓர் அரசாங்கப் பேர் உண்டு. புதுத்துறைக்காரர்கள் அதைத் தகரம் என்றார்கள். நாளடைவில் அங்கே இருந்தவர்களும் தங்களைத் தகரத்துக்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் பதிலுக்கு வைத்த பேர், இரும்பு.

முதலில் இரண்டும் தனித்தனியாகத்தான் மிதந்தன. தகரத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் படகில் ஏறிப் புதுத்துறை வாசலில் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தே செத்தவர்கள் உண்டு. "எங்களையும் சேர்" என்று செலஸ்டின் தலைமையில் போராட்டம் நடந்தது. காவல் படகுக்கும் மிதவைக்கும் நடுவில் சிக்கி அவன் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. கடைசியில் சேர்த்தார்கள். போல்ட் முடுக்கிய அந்த நாளை இரண்டு ஊரும் வருடா வருடம் கொண்டாடின. மின்சாரம் வந்தது, தண்ணீர் வந்தது, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம் என்றானது.

பிலோமி செலஸ்டினின் தங்கை. பொறியியல் படித்து, மூட்டு ஆய்வாளராக வேலை கிடைத்து, இரும்பில் குடியேறியவள். அந்த மூட்டுக்கு அவள் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஈரத் தலையோடு அவள் நேராக நகர நிர்வாகி வித்யாதரனின் அறைக்குப் போனாள். அந்த மூட்டைப் போட்ட காலத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் அவர்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நம்ம பக்கம் எப்படி இருக்கு?" என்றார்.

"புத்தம் புதுசா இருக்கு சார். அதைத்தான் சொல்றேன். கடல் தண்ணியில அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கிட்டு இருந்தா அது ஒரு பேட்டரி. இரும்பு துருப்பிடிக்காது. அதுக்குப் பதிலா அலுமினியம் கரையும்."

"எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா?"

"சேத்ததுலேருந்து நம்ம அடிப்பாகத்துக்கு வண்ணம் அடிக்கவே இல்ல. துருப்பிடிக்காம இருக்க மாட்டுற துத்தநாகக் கட்டி ஒண்ணுகூட மாத்தல. உங்களுக்கு ஏன்னு தெரியும்."

"தெரியும்."

அவ்வளவு எளிதாக அவர் ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "இந்த மாதிரி மூட்டை நைலான் உறை இல்லாம யாருமே போட மாட்டாங்களே சார்" என்றாள்.

"உறை கொண்டுவந்தோமே. ஒவ்வொரு போல்ட்டுக்கும் உறை, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல தடுப்பு, குழாய்க்குக்கூடத் தனியா. எல்லாத்தையும் பிடுங்கிக் கடல்ல எறிஞ்சது உங்க அண்ணன்."

"அண்ணன் ஏன் எறியணும்?"

"இது எதுக்குன்னு கேட்டார். உங்க தட்டும் எங்க தட்டும் நேரா தொடக்கூடாது, அதுக்குத்தான்னு சொன்னேன்."

பிலோமி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ தலைமுறையாகத் தள்ளி நிறுத்தப்பட்ட சனத்திடம் அந்த வாக்கியத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்று இவருக்குத் தெரியாதா?

"அவ்வளவுதான் சொன்னீங்களா?"

"அவர் கேட்டது அவ்வளவுதான். நான் பொய் சொல்லலையே பிலோமி." அவர் எழுந்துகொண்டார். "அறிக்கை எதுவும் வேண்டாம். இணைப்பு வேண்டாம்னு சொல்ற கூட்டம் இந்த ஊர்ல இன்னும் இருக்கு. நீங்க வாயைத் திறந்தா சந்தோஷப்படப் போறது அவங்கதான். உங்க சனத்துக்கு நல்லது செய்யணும்னா சும்மா இருங்க."

அவள் சும்மா இருக்கவில்லை. மூட்டைக் கடந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

வாசலில் அவனுடைய மனைவி அலங்காரம் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் புதுத்துறை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வாழ்கிறவள். மூட்டைக் கழற்றி நடுவில் உறை போட வேண்டும் என்று பிலோமி சொல்லி வாய் மூடவில்லை, முகத்தில் எச்சில் விழுந்தது.

"இரும்புல உக்காந்து சோறு திங்க ஆரம்பிச்சதும் புத்தியும் இரும்பாப் போச்சோ? கழட்டிட்டா நான் எப்படிட்டி போவேன்? நீந்தியா?"

"கழட்டினாத்தான் உறை மாட்ட முடியும் மைனி. கொஞ்ச நாள்தான். மறுபடி முடுக்கிருவாங்க."

"முடுக்குவானுவளா? நீ பாத்தியோ?"

செலஸ்டின் உள்ளிருந்து வந்தான். அவன் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"யாரு அனுப்புனா ஒன்னய?"

"யாரும் அனுப்பல அண்ணே. தகடு கரையுது. உப்புத் தண்ணியில ரெண்டு உலோகம் தொட்டா ஒண்ணு இன்னொண்ணக் காப்பாத்தும். காப்பாத்துறது செத்துப்போவும். நம்மதான் செத்துக்கிட்டு இருக்கோம்."

"நடுவுல பிளாஸ்டிக்கு வச்சா?"

"கரையாது. தனியாவும் இல்ல, தொடவும் செய்யாது."

"தொடவும் செய்யாது." அவன் அந்தச் சொல்லை மென்று பார்ப்பது போல மறுபடி சொன்னான். விரலில்லாத கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இந்தக் கையால பிடுங்கிப் போட்டேன் அதை. அன்னைக்கு அவன் சொன்ன அதே வார்த்தைய இன்னைக்கு ஏந் தங்கச்சி வாயாலயே சொல்ல வச்சிட்டான். போயிரு. இனிமே இந்த மூட்டைத் தாண்டி வராத."

அவள் மறுபடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். பெஞ்சுகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவழியே நடந்துபோய், மூட்டை ஒட்டிய சுவரோரம் மண்டியிட்டாள். வண்ணம் பூசிய தகட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"பாத்துக்கிடுங்க! ஆயுதம் எதுவும் இல்ல. என் விரல்தான். உங்க பிள்ளைய சாஞ்சு உக்காருத செவரு இது!"

யாரோ, "ஓட்டை போட்டுட்டாடா! பள்ளிக்கூடத்த முக்க வந்திருக்கா!" என்று கத்தினார்கள். அவள் தலைமுடி பிடிபட்டது. அடித்தவர்களில் பாதிப்பேர் அவளுக்குச் சின்ன வயதில் சோறு போட்டவர்கள். வாய் கிழிந்து, ஒரு கண் மூடிப்போய், மூட்டுக்கு அந்தப் பக்கம் எறியப்பட்டாள். ஓட்டையில் மரக்கட்டையும் கந்தலும் வைத்து அடைத்தார்கள்.

அடைத்தவன் செலஸ்டின். மரக்கட்டையை அடிக்க அடிக்க ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு அவன் அந்தச் சுவரின் ஓரமாகவே நடந்தான். அடுத்த வகுப்பறையில் விரலால் தட்டினான். சத்தம் தகடு மாதிரி இல்லை, ஊறிய அட்டை மாதிரி இருந்தது. அதற்கடுத்த அறையில் சுவரைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் தானாகவே கசிந்து, பிள்ளைகள் வரைந்து ஒட்டியிருந்த படங்களை நனைத்திருந்தது.

மறுநாள் பகலில் அவன் தனியாகப் புதுத்துறைக்குப் போனான். பிலோமியைப் பார்க்க அல்ல, வித்யாதரனைப் பார்க்க. நைலான் உறை வேண்டும், இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து மாட்ட வேண்டும் என்று கேட்டான். வித்யாதரன் காப்பி வரவழைத்துக் கொடுத்து, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவன் மூட்டைத் தாண்டித் திரும்பி வருவதற்குள் இரண்டு ஊர் ஒலிபெருக்கிகளிலும் அவருடைய குரல் கேட்டது.

"நம்ம தோழர் செலஸ்டின், இரண்டு ஊருக்கும் நடுவுல தடுப்பு போடணும்னு கேட்டு வந்திருக்கார். இந்த நிர்வாகம் எந்தக் காலத்திலும் அப்படி ஒரு பிரிவினைக்குத் துணை போகாது. நாம் எப்போதும் போலத் தொட்டுக்கொண்டே இருப்போம்."

தகரத்தில் அவன் கால் வைத்ததும் ஒரு செருப்பு பறந்துவந்து தோளில் விழுந்தது. அதை எறிந்தவன், அவனோடு அன்று காவல் படகின் முன்னால் நின்றவன்.

வீட்டில் அலங்காரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் பார்த்ததைச் சொன்னான்.

"உறை மாட்ட ரெண்டு பக்கமும் ஆளு வேணும். அவன் தர மாட்டான்" என்றான்.

"கழட்ட?"

"கழட்ட நம்ம பக்கம் போதும். நட்டு நம்ம பக்கந்தான் இருக்கு."

அவள் வீங்கிய தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி ஏறிக் கயிறு மாதிரி முறுக்கேறிய நரம்பு அதில் புடைத்திருந்தது.

"கூட்டிட்டுப் போயி எல்லாத்துக்கும் அந்தச் செவரக் காட்டுங்க. பொம்பளையளுக்குக் காட்டுங்க மொதல்ல. பெறவு கழட்டுங்க."

"ஒனக்கு?"

"என்னயக் கேட்டுத்தான் போல்ட்டு முடுக்குனியளோ?" என்று சீறினாள். "அவ சொன்னாளேன்னு நான் சொல்லல. அவ மூஞ்சில இன்னொரு தடவ துப்பணும்னாலும் துப்புவேன். அங்க உக்காந்து படிக்குதது நம்ம ஊருப் பிள்ளைய."

பெண்கள் போய்ப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி தன் பிள்ளை உட்காரும் இடத்தில் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, பீறிட்ட தண்ணீரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். அதற்கப்புறம் செலஸ்டினிடம் யாரும் வாதாடவில்லை. ஆனால் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை.

கடல் படுத்திருந்த ஒரு காலையில் ஸ்பேனர்களோடும், ஓட்டைகளை அடைக்க மரக்கட்டைகளோடும் இறங்கினார்கள். முதல் நட்டு கழன்றதுமே புதுத்துறை மின்சாரத்தை நிறுத்தியது. பாதி கழன்றபோது தண்ணீர் நின்றது. மேலே இரும்பின் விளிம்பில் நின்று புதுத்துறைச் சனம் கூச்சல் போட்டது. "நன்றி கெட்ட தகரம்" என்று ஒரு கிழவர் கத்தினார். இணைப்பு வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்த கூட்டம் கைதட்டியது. பிலோமி அந்தக் கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில், கண் வீக்கம் வடியாத முகத்தோடு நின்றாள். கடைசி போல்ட் நழுவித் தண்ணீரில் விழுந்ததும் இரண்டு ஊருக்கும் நடுவில் கடல் தெரிந்தது. மெல்ல அகலமானது. செலஸ்டின் ஒரு தரம்கூட மேலே பார்க்கவில்லை.

இழுவைப் படகுகள் தகரத்தைத் தெற்கே ஒரு தீவின் மறைவுக்குக் கொண்டுபோய் நங்கூரம் போட்டன. மூட்டுப் பக்கத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தார்கள். கரைவது அதோடு நின்றது. தனியாக இருந்தால் அலுமினியம் கடலைத் தாங்கும். ஆட்கள் விஷயம் அப்படி இல்லை.

பிலோமி அலங்காரத்துக்காக வித்யாதரனிடம் போய் நின்றாள். படகில் கூட்டி வருகிறேன், வாரத்தில் இரண்டு நாள், படுக்கை காலியாகத்தான் கிடக்கிறது என்றாள்.

"பிரிஞ்சு போனது அவங்கதானே? வாசல்ல அனுமதிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. வரிசைப்படி பார்ப்போம்."

"அதுக்குள்ள செத்துருவாங்க சார்."

"மூட்டு இருந்தவரைக்கும் அந்த அம்மா உயிரோடதானே இருந்தாங்க?" என்று செத்தவளைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார் அவர். அப்போது அலங்காரம் உயிரோடுதான் இருந்தாள். வரிசையில் அவள் பேர் வரவே இல்லை. பெருங்காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டாள். அடக்கத்துக்கு வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லியனுப்பினான். பிலோமி படகை எடுத்துக்கொண்டு தீவுவரைக்கும் போனாள். கோயில் மணிச் சத்தம் ஓயும்வரை படகிலேயே இருந்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்குள் இரும்பின் அடிப்பாகத்தில் செம்மண் நிறத்தில் படை படையாகத் துரு ஏறியிருந்தது. வண்ணம் அடிக்கத் தெரிந்த ஆட்கள் ஊரில் இல்லை. சேர்ப்பதற்கு முன் அந்த வேலைக்குத் தகரத்திலிருந்து வந்தவர்கள்தான் போய்விட்டார்களே. துத்தநாகக் கட்டிகள் கொண்டுவந்து மாட்டினார்கள், போதவில்லை. அடித்தளத்தில் குடியிருந்தவர்கள் வீட்டுத் தரையில் துரு நீர் ஊறுகிறது என்று புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். வித்யாதரன் யாரிடமும் கோபப்படவில்லை. "கொஞ்சம் பொறுங்க, ஏற்பாடு நடக்குது" என்றார்.

ஏற்பாடு வடக்கேயிருந்து வந்தது.

பழவேற்காட்டுப் பக்கம் கடல் புகுந்து, அங்கிருந்த சனத்துக்கும் அரசாங்கம் மிதவை செய்து கொடுத்திருந்தது. அதே அலுமினியம். அதே அளவு. இழுவைப் படகுகள் அதைப் புதுத்துறைக்கு இழுத்துவந்தபோது மேளம் வைத்து வரவேற்றார்கள். சமத்துவ இணைப்பு என்று பெரிய பதாகை கட்டியிருந்தது. பாதித் தூரத்திலேயே அந்தச் சனம் கையசைக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி ஆஸ்பத்திரிக் கட்டிடத்தைக் காட்டினார்கள்.

நைலான் உறைகளை மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி. இந்தத் தடவை வித்யாதரன் வாயே திறக்கவில்லை.

அந்த ஊரின் தலைவி தேசம்மா, தடித்த குரலும் வெயிலில் கறுத்த தோளும் உள்ளவள், ஓர் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

இளம் பொறியாளன் ஒருவன் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான். "உங்க தட்டும் எங்க தட்டும் நேரா ஒட்டாம இருக்கறதுக்கும்மா."

தேசம்மாவின் முகம் மாறுவதைப் பிலோமி பார்த்தாள். ஓடினாள். "எறியாதீங்க! அத மாட்டச் சொல்லுங்க! அது இல்லாம சேந்தா உங்க ஊரு கரைஞ்சிரும்!"

"யாரு இவ?" என்றாள் தேசம்மா.

பக்கத்தில் நின்ற புதுத்துறைப் பெண் ஒருத்தி உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னாள். "போன தடவை இங்க இருந்த ஏழை சனத்தைப் பிரிச்சு விட்டவம்மா. சொந்த அண்ணன் பொண்டாட்டியே வைத்தியம் கிடைக்காம செத்துப்போச்சு."

தேசம்மா பிலோமியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த உறையைக் கடலில் வீசினாள். அவள் பின்னால் நின்றவர்கள் மீதியையும் அள்ளி வீசினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. முதல் போல்ட்டை முடுக்கியபோது இரண்டு ஊரும் சேர்ந்து ஆரவாரம் செய்தது.

அன்று மாலையே பிலோமி வேலையை விட்டாள். வீட்டைப் பூட்டி, இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூட்டைத் தாண்டி நடந்தாள்.

வீடு ஒதுக்கிக்கொண்டிருந்த தேசம்மா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "இங்க இன்னா வேல உனக்கு?"

"குடியிருக்க ஒரு வீடு வேணும்."

"இரும்புல இல்லாத வீடா? எங்களைப் பிரிக்க வந்துகிறியா?"

"நான் ஒண்ணும் பேச மாட்டேன். வாடகை குடுத்துருதேன். ஆஸ்பத்திரிக்கு யாருக்காவது துணைக்குப் போவணும்னா போறேன்."

சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தேசம்மா யோசித்தாள். விரட்டிவிட ஆசைதான். ஆனால் வீடு கேட்டு வந்தவளை வெளியே நிறுத்துகிறவர்களைப் பற்றித்தான் அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருந்தாள்.

"மேல்தட்டுல காத்தோட்டமா ஒண்ணு கீது" என்றாள் வெறுப்போடு.

"வேண்டாம். மூட்டுச் செவர ஒட்டிக் கீழ இருக்குல்ல, அது போதும்."

"அதையா? அதை யாருமே கேக்கல. இருட்டு, சத்தம். அங்க போய் இன்னாத்துக்குக் கெடக்கணும்?"

பிலோமி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டாள்.

"அங்கதான் மொதல்ல தண்ணி வரும்" என்றாள்.